தொலைக்காட்சியில் பந்துவீச்சு

கிரிக்கெட் பந்துவீச்சைத் தொலைக்காட்சி எப்படிக் காட்டியது, எப்படி விளக்கியது என்பது விளையாட்டு வரலாற்றின் ஒரு பகுதி. சென்னையைப் பொறுத்தவரை அது மொழியின் வரலாறும்கூட. சென்னை முதன்மையாகச் சுழற்பந்து வீச்சாளர்களின் ஊர். வி.வி. குமார், எஸ். வெங்கட்ராகவன், எல். சிவராமகிருஷ்ணன், ஆர். அஸ்வின், வருண் சக்கரவர்த்தி எனத் தலைமுறைதோறும் இங்கிருந்து ஒருவர் இந்திய அணிக்குச் சென்றிருக்கிறார். மயிலாப்பூர், மேற்கு மாம்பலம், அடையாறு பகுதிகளின் தெருக்களிலும் கல்லூரி மைதானங்களிலும் பந்தைப் பிடிக்கும் முறைகளும் அவற்றுக்கான பெயர்களும் வாய்மொழியாகவே கைமாறி வந்தன. தொலைக்காட்சி இந்த அறிவைப் பதிவு செய்யும் வாய்ப்பைப் பெற்றிருந்தது. பெரும்பாலும் அதைத் தவறவிட்டது.

அமெரிக்க முன்மாதிரி

அமெரிக்காவில் 'பௌலிங் நிகழ்ச்சி' என்றால் பத்துக் கட்டைகளை உருட்டுப் பந்தால் வீழ்த்தும் ஆட்டத்தின் ஒளிபரப்பு என்று பொருள். ஏபிசி நிறுவனம் 1962 முதல் 1997 வரை தொழில்முறைப் போட்டிகளைச் சனிக்கிழமை பிற்பகல்களில் தொடர்ந்து ஒளிபரப்பியது. வீசுபவர் ஓரிடத்தில், கட்டைகள் ஓரிடத்தில், நடுவே ஒரு நேர்கோடு என்பதால் அது கேமராவுக்கு வசதியான ஆட்டம். ஆனால் அந்த ஆட்டத்தின் உண்மையான சூட்சுமம் தளத்தில் பூசப்பட்டிருக்கும் எண்ணெயில் இருக்கிறது. எண்ணெய் மிகுந்த இடத்தில் பந்து வழுக்கிச் செல்லும், குறைந்த இடத்தில் வளையும். எண்ணெய் நிறமற்றது என்பதால் பல பத்தாண்டுகள் பார்வையாளர்கள் அதைக் காணவே இல்லை. 2010களில்தான் ஒளிபரப்புக்காக எண்ணெயில் நீல நிறம் கலந்து காட்டத் தொடங்கினர். பந்து ஏன் வளைகிறது என்பது அப்போதுதான் வீட்டிலிருப்பவருக்கும் கண்ணில் பட்டது.

கிரிக்கெட்டில் அந்த எண்ணெயின் இடத்தில் இருப்பது வீசுபவரின் கை. விரல் எங்கே இருந்தது, மணிக்கட்டு எப்படித் திரும்பியது, எந்த விரல் கடைசியாகப் பந்தை விட்டது என்பவையே பந்தின் போக்கைத் தீர்மானிக்கின்றன. ஒளிபரப்பின் முதன்மைக் கேமராவோ வீசுபவரின் முதுகுக்குப் பின்னால் நிற்கிறது. அது காட்டுவது மட்டையாளரின் முகத்தை.

வானொலிக் காலம்

1975 ஜனவரியில் சேப்பாக்கத்தில் நடந்த டெஸ்டில் மேற்கிந்திய வேகப்பந்து வீச்சாளர் ஆண்டி ராபர்ட்ஸ் முதல் இன்னிங்ஸில் 64 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்டுகளும், ஆட்டம் முழுவதிலுமாக 12 விக்கெட்டுகளும் எடுத்தார். ஜி.ஆர். விஸ்வநாத் ஆட்டமிழக்காமல் 97 எடுத்தது அந்தப் பந்துவீச்சுக்கு எதிராகத்தான். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கப்பட்டது அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று. ஆகவே, சென்னை இன்றும் பேசும் அந்தப் பந்துவீச்சை மைதானத்துக்கு வெளியே இருந்த நகரத்தார் காதால்தான் கேட்டனர்.

பின்னாட்களில் கடற்கரைச் சாலையில் உள்ள சென்னை வானொலி நிலையம் தமிழ் நேர்முக வர்ணனையை ஒலிபரப்பியது. கூத்தபிரான், சாத்தான்குளம் அப்துல் ஜப்பார், ராமமூர்த்தி ஆகியோரின் குரல்கள் பொங்கல் காலத்து டெஸ்ட் ஆட்டங்களோடு சேர்த்து நினைவுகூரப்படுகின்றன. வானொலிக்கு ஒரு கட்டாயம் இருந்தது. படம் இல்லாததால் வீசுபவர் பட்டாபிராமன் வாயில் முனையிலிருந்து வருகிறாரா, எத்தனை அடி ஓடுகிறார், பந்தை மேலே தூக்கி வீசினாரா, தட்டையாக வீசினாரா என்பதையெல்லாம் சொல்லித்தான் ஆக வேண்டும். இந்தக் கட்டாயத்தால் பந்துவீச்சைக் குறிக்கத் தமிழில் ஒரு நடை உருவாகத் தொடங்கியது. தொலைக்காட்சி வந்ததும் அந்தக் கட்டாயம் நீங்கியது. கண்ணுக்குத் தெரிவதை ஏன் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் வர்ணனையில் புகுந்தது. கண்ணுக்குத் தெரியாதது எது என்று எவரும் கேட்கவில்லை.

தூர்தர்ஷன் காலம்

சென்னைத் தூர்தர்ஷன் நிலையம் சுவாமி சிவானந்தா சாலையில் உள்ளது. சேப்பாக்கம் மைதானத்திலிருந்து நடந்தே செல்லும் தொலைவு. 1980களில் அந்த மைதானத்திலிருந்து ஒளிபரப்பான இரண்டு ஆட்டங்கள் தொலைக்காட்சியின் வலிமையையும் எல்லையையும் ஒருங்கே காட்டுகின்றன.

முதலாவது, 1986 செப்டம்பரில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் சமன் செய்த டெஸ்ட். இரு அணிகளின் மொத்த ஓட்டங்களும் சமமான நிலையில் ஆஃப் ஸ்பின்னர் கிரெக் மேத்யூஸ் வீசிய பந்தில் மணீந்தர் சிங் எல்பிடபிள்யூ ஆனதாக நடுவர் விக்ரம்ராஜு விரலை உயர்த்தினார். அது மேத்யூஸின் பத்தாவது விக்கெட். பந்து மட்டையின் உள்விளிம்பில் பட்டது என்று மணீந்தர் தொடர்ந்து கூறிவந்திருக்கிறார். ஒளிப்பதிவு இருக்கிறது. அதைப் பலமுறை பார்த்த பிறகும் வழக்கு முடியவில்லை. அன்றிருந்த கேமராக்களால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான்.

இரண்டாவது, 1988 ஜனவரியில் நடந்த மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான டெஸ்ட். 19 வயது லெக் ஸ்பின்னர் நரேந்திர ஹிர்வானி தன் முதல் டெஸ்டிலேயே 136 ஓட்டங்களுக்கு 16 விக்கெட்டுகள் எடுத்தார். விக்கெட் காப்பாளர் கிரண் மோரே ஆறு ஸ்டம்பிங்குகள் செய்தார். மேற்கிந்திய மட்டையாளர்கள் முன்னேறி வந்து தவறவிடுவதையும் மோரே பெயில்களைத் தட்டுவதையும் நாடே பார்த்தது. ஆனால் எந்தப் பந்து லெக் பிரேக், எந்தப் பந்து கூக்ளி, இரண்டுக்கும் மணிக்கட்டில் என்ன வேறுபாடு என்பதை அந்த ஒளிபரப்பு கற்றுத்தரவில்லை. பார்வையாளருக்குக் கிடைத்தது விக்கெட்டுகளின் வரிசை.

இதற்கு மூன்றாண்டுகள் முன்பே வேறொரு வகை ஒளிபரப்பை இந்தியர்கள் கண்டிருந்தனர். 1985இல் ஆஸ்திரேலியாவில் நடந்த உலக சாம்பியன்ஷிப் போட்டியைப் படம்பிடித்தது சேனல் நைன். கெர்ரி பேக்கரின் அந்த நிறுவனம் 1970களின் இறுதியிலேயே ஆடுகளத்தின் இரு முனைகளிலும் கேமராக்களை வைத்துவிட்டது. அதற்கு முன் முதன்மைக் கேமரா ஒரு முனையில் மட்டுமே இருந்ததால் ஓர் ஓவர் விட்டு ஓர் ஓவர் மட்டையாளரின் முதுகைப் பார்க்க வேண்டியிருந்தது. சென்னையைச் சேர்ந்த சிவராமகிருஷ்ணன் அத்தொடரில் 10 விக்கெட்டுகள் எடுத்தார். இறுதியாட்டத்தில் ஜாவேத் மியான்தத் அவர் பந்தில் ஸ்டம்பிங் ஆனார். இரவு விளக்கொளியில், வண்ண உடையில், லெக் ஸ்பின் ஒரு காட்சிப்பொருளானது. பின்னாளில் சிவராமகிருஷ்ணனே தொலைக்காட்சி வர்ணனையாளர் ஆனார். அவருடைய பணி பெரும்பாலும் ஆங்கிலத்தில் அமைந்தது.

தனியார் ஒளிபரப்பும் கருவிகளும்

1993 நவம்பரில் நடந்த ஹீரோ கோப்பைப் போட்டியின் ஒளிபரப்பு உரிமை தொடர்பாக வங்காள கிரிக்கெட் சங்கத்துக்கும் அரசுக்கும் இடையே எழுந்த வழக்கில், 1995இல் உச்ச நீதிமன்றம் வான் அலைகள் பொதுச்சொத்து என்றும் அவை அரசின் ஏகபோகம் அல்ல என்றும் தீர்ப்பளித்தது. அப்போட்டியின் இறுதியாட்டத்தில்தான் அனில் கும்ப்ளே 12 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகள் எடுத்தார். அதன் பிறகு தனியார் அலைவரிசைகளின் காலம் தொடங்கியது. கேமராக்கள் பெருகின. மிக மெதுவான மறுஒளிபரப்பு வந்தது. 2001இல் பிரிட்டனின் சேனல் 4 'ஹாக் ஐ' கருவியை முதன்முறையாகப் பயன்படுத்தியது. பந்து எங்கே விழுந்தது, எவ்வளவு திரும்பியது, ஸ்டம்பைத் தாக்கியிருக்குமா என்பது வரைபடமாகத் திரையில் வந்தது.

இக்கருவிகளின் பயன் மறுக்க முடியாதது. 2008இல் இலங்கையில் நடந்த இந்திய டெஸ்ட் தொடரில் நடுவர் தீர்ப்பு மறுபரிசீலனை முறை முதலில் சோதிக்கப்பட்டது. முன்காலைத் தூக்கிப்போட்டுத் தப்பித்துவந்த மட்டையாளர்களுக்கு அதன் பின் அந்த வழி அடைபட்டது. சுழற்பந்து வீச்சாளர்களுக்கு உரிய விக்கெட்டுகள் கிடைக்கத் தொடங்கின. எனினும் ஹாக் ஐ அளப்பது கையை விட்டுப் பந்து நீங்கிய பிறகு நடப்பதை. ஆடுகள வரைபடத்தில் தெரியும் சிவப்பு, மஞ்சள் புள்ளிகள் விளைவுகள். காரணம் அந்தப் படத்துக்கு வெளியே இருக்கிறது.

முரளிதரன்: திரையில் ஒரு வழக்கு

பந்து வீசும் கையையே பொருளாகக் கொண்ட மிகப் புகழ்பெற்ற தொலைக்காட்சிப் பதிவு, குற்றச்சாட்டு ஒன்றிலிருந்து பிறந்தது. 1995 டிசம்பர் 26 அன்று மெல்போர்னில் நடுவர் டேரல் ஹேர், முத்தையா முரளிதரன் பந்தை எறிகிறார் என்று ஏழு முறை 'நோ பால்' அறிவித்தார். சென்னைத் தெரு கிரிக்கெட்டில் இவ்வாறு எறிவதை 'மாங்கா அடிப்பது' என்பார்கள். அந்தக் குற்றச்சாட்டு கண்டியில் பிறந்த இந்தத் தமிழரைப் பல ஆண்டுகள் தொடர்ந்தது. அதை வளர்த்ததில் மறுஒளிபரப்புக்குப் பெரும் பங்கு உண்டு. ஒரு கோணத்திலிருந்து மெதுவாகக் காட்டப்படும்போது, பிறவியிலேயே முழுமையாக நீட்ட முடியாத அவரது முழங்கை எறிவதுபோன்ற தோற்றம் தந்தது.

2004இல் அவர் சேனல் 4 தொலைக்காட்சிக்காக முழங்கையை அசைக்க முடியாதபடி இறுக்கும் கவசம் ஒன்றை அணிந்து பந்து வீசினார். ஆஃப் ஸ்பின், டாப் ஸ்பின், தூஸ்ரா மூன்றையும் அந்தக் கவசத்தோடு வீசிக் காட்டினார். பந்து வழக்கம்போலவே திரும்பியது. திருப்பம் முழங்கையிலிருந்து வரவில்லை, மணிக்கட்டிலிருந்தும் தோளிலிருந்தும் வருகிறது என்பது பார்வையாளருக்கு விளங்கியது. 2005 முதல் எல்லா வீச்சாளர்களுக்கும் முழங்கை 15 பாகை வரை நிமிரலாம் என்று சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் விதியமைத்தது. 2008 முதல் 2010 வரை அவர் சென்னை சூப்பர் கிங்ஸ் அணிக்காக ஆடினார். 2010 ஜூலையில் காலியில் 800 டெஸ்ட் விக்கெட்டுகளோடு விடைபெற்றார்.

அந்தப் பதிவின் சிறப்பு அது கையைப் பார்த்தது என்பதில் இருக்கிறது. அதன் குறையும் அங்கேயே இருக்கிறது. முரளிதரன் ஆசிரியராக அழைக்கப்படவில்லை. தன்னை நிரூபிக்க வேண்டியவராகவே கேமரா முன் நின்றார். உலகின் மிக அரிய பந்துவீச்சு முறை ஒன்று தெளிவாக விளக்கப்பட, ஒரு சந்தேகம் தேவைப்பட்டது.

சொடக்குப் பந்தும் கேரம் பந்தும்

2008 ஜூலையில் கராச்சியில் நடந்த ஆசியக் கோப்பை இறுதியாட்டத்தில் இலங்கையின் அஜந்த மெண்டிஸ் 13 ஓட்டங்களுக்கு 6 இந்திய விக்கெட்டுகள் எடுத்தார். அடுத்து வந்த டெஸ்ட் தொடரில் 26 விக்கெட்டுகள். கட்டைவிரலுக்கும் மடக்கிய நடுவிரலுக்கும் இடையே பந்தை வைத்து, கேரம் பலகையில் ஸ்டிரைக்கரைத் தட்டுவதுபோல விரலால் தட்டி வெளியேற்றும் அவரது முறைக்கு 'கேரம் பால்' என்ற பெயர் பரவியது. தொலைக்காட்சி அதை மர்மம் என்றது.

இது முற்றிலும் புதியதல்ல. ஆஸ்திரேலியாவின் ஜேக் ஐவர்சன் 1950-51 தொடரில் நடுவிரலை மடக்கி வீசியே இங்கிலாந்தைத் திணறடித்தார். சென்னைத் தெருக்களில் டென்னிஸ் பந்தில் ஆடுபவர்களும் இதை அறிந்திருந்தனர். விரலைச் சொடக்குவதுபோல் வீசுவதால் அதற்குச் 'சொடக்குப் பந்து' என்று பெயர். டென்னிஸ் பந்து எடை குறைந்தது, விரலின் சிறு விசைக்கே திரும்பக்கூடியது. தெரு குறுகலானது, நீண்ட ஓட்டத்துக்கு இடமில்லை. ஆகவே வேகத்தைவிட விரல் வித்தை அங்கே மதிப்புப் பெற்றது. மேற்கு மாம்பலத்தில் வளர்ந்த அஸ்வின், தன் கேரம் பந்தின் வேர் இந்தச் சொடக்கில்தான் இருக்கிறது என்று கூறியிருக்கிறார்.

'சொடக்கு' என்ற சொல் செய்முறையைச் சொல்கிறது. கேட்ட உடனே விரல் அதைச் செய்து பார்க்கும். 'மர்மப் பந்து' என்ற சொல் பார்ப்பவரின் திகைப்பை மட்டுமே சொல்கிறது. தெருவில் சிறுவர்களுக்குத் தெரிந்த ஒன்றுக்குத் தொலைக்காட்சி மர்மம் என்று பெயரிட்டது என்றால், மர்மம் பந்தில் இல்லை. ஒளிபரப்புக் கூடத்துக்கும் தெருவுக்கும் இடையே பேச்சு இல்லை என்பதே அதன் பொருள். இன்று சென்னைச் சிறுவர்களும் அதைக் 'கேரம் பால்' என்றே அழைக்கிறார்கள். தன் ஊரில் இருந்த பொருள், வெளியூர்ப் பெயரோடு திரும்பி வந்திருக்கிறது.

தமிழ் வர்ணனை

2017இல் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் 1 தமிழ் தொடங்கப்பட்டது. 2018 முதல் ஐபிஎல் ஆட்டங்கள் அதில் தமிழ் வர்ணனையோடு வந்தன. கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த், எஸ். பத்ரிநாத், ஹேமங் பதானி, சடகோபன் ரமேஷ், அபினவ் முகுந்த், எல். பாலாஜி, யோ மகேஷ், ஆர்.ஜே. பாலாஜி ஆகியோர் இதில் பங்கேற்றனர். தமிழ் வீடுகளில் கிரிக்கெட்டைப் பேச்சுமொழிக்குக் கொண்டுவந்தது இவ்வர்ணனையின் பெரிய பங்களிப்பு. அதுவரை ஆங்கிலத்தையோ இந்தியையோ பாதி புரிந்து கேட்டுவந்த பாட்டிகளும் சிறுவர்களும் ஆட்டத்துக்குள் வந்தனர்.

ஆனால் மேற்கண்ட பட்டியலின் முன்னாள் வீரர்களில் முதல் ஐவரும் மட்டையாளர்கள். பாலாஜியும் யோ மகேஷும் வேகப்பந்து வீச்சாளர்கள். சுழற்பந்து நகரின் தமிழ் வர்ணனையில் சுழற்பந்து வீச்சாளரின் குரல் மெலிந்தே ஒலித்தது. மட்டையாளர் பந்தை அது தன்னை நோக்கி வரும் பொருளாகப் பார்க்கிறார். 'உள்ளே வந்தது', 'வெளியே போனது', 'நின்று வந்தது' என்பவை எதிர்கொள்பவரின் சொற்கள். அனுப்பியவரின் சொற்கள் அல்ல. இருபது ஓவர் ஆட்டத்தின் வேகமும் இதற்குத் துணைபோகிறது. இரு பந்துகளுக்கு இடைப்பட்ட நொடிகளில் கேலியும் விளம்பரமும் பார்வையாளர் படமும் இடம்பிடிக்கின்றன. ஓவர் முடிந்ததும் விளம்பரம். வீச்சாளரின் திட்டம் ஓர் ஓவரின் ஆறு பந்துகளில் விரிவது. அதைத் தொகுத்துச் சொல்ல வேண்டிய தருணத்தில்தான் திரை விற்கப்படுகிறது.

எழுத்துத் தமிழின் பங்கும் இங்கே குறிப்பிடத்தக்கது. ஆஃப் ஸ்பின்னுக்கு 'எதிர்ச்சுழல்', லெக் ஸ்பின்னுக்கு 'நேர்ச்சுழல்' என்ற கலைச்சொற்கள் உருவாக்கப்பட்டுள்ளன. அவை வாய்ப்பேச்சில் நிலைபெறவில்லை. நிலைபெற்றிருந்த 'சொடக்கு' போன்ற சொற்களோ கலைச்சொல் பட்டியல்களுக்குள் போதிய இடம் பெறவில்லை.

அஸ்வினின் காணொளிகள்

2020 ஊரடங்கின்போது அஸ்வின் தன் யூடியூப் தளத்தில் 'டிஆர்எஸ் வித் ஆஷ்' என்ற உரையாடல் நிகழ்ச்சியைத் தொடங்கினார். அவ்வாண்டு ஐபிஎல் காலத்தில் 'ஹலோ துபாயா' வந்தது. 2021 ஜனவரியில் இந்தியா ஆஸ்திரேலியாவில் தொடரை வென்றதும், களத்தடுப்புப் பயிற்சியாளர் ஆர். ஸ்ரீதருடன் அவர் அத்தொடரின் கதையைத் தமிழில் விரித்துரைத்தார். அடிலெய்டில் 36 ஓட்டங்களுக்குச் சுருண்ட அணி மீண்ட விதம் அதில் உள்ளிருந்து சொல்லப்பட்டது. 'குட்டி ஸ்டோரிஸ்' என்ற பெயரில் இந்த வகை தொடர்ந்தது. ஆங்கிலத் துணையெழுத்தோடு தமிழ் தெரியாதவர்களும் பார்த்தனர்.

நடப்பில் ஆடிக்கொண்டிருந்த முன்னணி வீச்சாளர் ஒருவர் தன் தாய்மொழியில், நேர நெருக்கடி இல்லாமல், பந்துவீச்சையும் களவியூகத்தையும் பேசியது இந்தியக் கிரிக்கெட்டில் புதியது. மேற்கு மாம்பலத் திண்ணைப் பேச்சின் நடை அதில் இருந்தது. மர்மம் என்ற சொல்லுக்கு அங்கே வேலை இல்லை. இந்த மட்டையாளர் இதைச் செய்வார், ஆகவே நான் இதைச் செய்தேன் என்ற காரண காரியப் பேச்சு அது. தொலைக்காட்சி நாற்பது ஆண்டுகளில் செய்யாததை ஒரு கைப்பேசித் திரை செய்தது எனலாம்.

இதற்கும் எல்லைகள் உண்டு. பேசுபவர் ஆட்டத்தின் பங்காளி. சக வீரரையோ தேர்வாளரையோ கறாராக மதிப்பிடும் சுதந்திரம் அவருக்குக் குறைவு. உரையாடல் நட்பின் எல்லைக்குள்ளேயே நிகழ்கிறது. ஒளிபரப்பு உரிமைகள் பிற நிறுவனங்களிடம் இருப்பதால், பேசப்படும் பந்தைப் படமாகக் காட்டவும் இயலாது. தொலைக்காட்சியிடம் படம் இருந்தது, வீச்சாளரின் சொல் இல்லை. இங்கே சொல் இருக்கிறது, படம் இல்லை. 2024 டிசம்பரில் 537 டெஸ்ட் விக்கெட்டுகளோடு அஸ்வின் சர்வதேச ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். இப்பேச்சு அவரோடு முடிந்துவிடாமல் ஒரு வகைமையாக நிலைக்குமா என்பது இனி வரும் வீச்சாளர்களைப் பொறுத்தது.

மதிப்பீடு

தொலைக்காட்சி பந்துவீச்சை அலட்சியம் செய்தது என்று சொல்ல முடியாது. கேமராக்களையும் அளவுகருவிகளையும் அது பெருக்கியது. நடுவரின் தவறுகளைக் குறைத்தது. ஆனால் அதன் ஒவ்வொரு முன்னேற்றமும் தீர்ப்பு சொல்வதை நோக்கியே சென்றது. அவுட்டா இல்லையா, எறிந்தாரா வீசினாரா என்ற கேள்விகளுக்குப் பதில் தேடிய அளவுக்கு, எப்படி வீசினார் என்ற கேள்விக்கு அது பதில் தேடவில்லை.

இதன் இழப்பு கற்பவருக்கு. வருண் சக்கரவர்த்தி கட்டடக் கலை படித்து, கிரிக்கெட்டை விட்டு விலகி, டென்னிஸ் பந்து ஆட்டங்களின் வழியாகத் திரும்பி வந்தவர். 2018 தமிழ்நாடு பிரீமியர் லீகில் வெளிச்சத்துக்கு வந்து, 2025 சாம்பியன்ஸ் கோப்பையில் நியூசிலாந்துக்கு எதிராக 42 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகள் எடுத்தார். அவரையும் ஒளிபரப்பு 'மர்மச் சுழற்பந்து வீச்சாளர்' என்றே அறிமுகம் செய்கிறது. டென்னிஸ் பந்துக்கும் தோல் பந்துக்கும் விரல் பிடியில் என்ன மாற்றம் தேவைப்பட்டது என்பதை விளக்கும் தமிழ் நிகழ்ச்சி ஒன்று, தி. நகர் சோமசுந்தரம் மைதானத்தில் விடுமுறை நாளில் ஆடும் சிறுவருக்கு நேரடியாகப் பயன்படும்.

அதற்குப் பெரும் செலவு வேண்டியதில்லை. பக்கவாட்டிலிருந்து கையை மட்டும் காட்டும் ஒரு கேமரா, ஓய்வுபெற்ற ஒரு வீச்சாளர், விளம்பரம் குறுக்கிடாத சில நிமிடங்கள் போதும். தமிழ் ஒளிபரப்பு ஏற்கெனவே பார்வையாளரைச் சேர்த்துவிட்டது. சொல்வதற்கான மொழியும் தெருவில் இருக்கிறது. 2025இல் சென்னை மாநகராட்சி மேற்கு மாம்பலத்தின் ராமகிருஷ்ணபுரம் முதல் தெருவுக்கு அஸ்வின் பெயரைச் சூட்ட முடிவெடுத்தது. தெருவுக்கு வீச்சாளரின் பெயர் கிடைக்கிறது. தெரு கொடுத்த பந்துக்கு அதன் பெயர் இன்னும் திரையில் கிடைக்கவில்லை.